பசித்தால் மணக்கும் செடி

ஈ தின்கிற செடியை ஈயிடமிருந்து காப்பாற்ற, ரிட்டயரான கணக்கு டீச்சர் ஒருத்தி கையில் துண்டோடு காவல் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். வேறு யாரையாவது நான் அந்தக் கோலத்தில் பார்த்திருந்தால் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஆனால் நான் அந்தத் துண்டைக் கீழே வைத்தால் எஸ்தர் போய்விடுவாள். அதனால்தான் உட்கார்ந்திருந்தேன்.

செடியின் பெயர் பனிக்குடுவை. சதுப்பு நிலத்துச் செடி. இலைகளே குடுவைகளாகச் சுருண்டு, சிவப்பு நரம்போடி, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருக்கும். அதில் மழைத் தண்ணீர் தேங்கும். வழுக்கி விழுந்த பூச்சி அதிலேயே ஊறிக் கரைந்து செடிக்குச் சாப்பாடாகிவிடும். ஊட்டியில் தொட்டித் தண்ணீர் கல்லாக உறைகிற ஜனவரியிலும் இது சாகாது. முன்பெல்லாம் நர்சரிகளில் ஈ பிடிக்கும் செடி என்று வீடுகளுக்கு விற்றார்கள். அப்புறம்தான் ஒரு கம்பெனிக்கு அந்த யோசனை வந்தது. பூச்சியைக் கூப்பிட இந்தச் செடி எப்படியும் ஒரு வாசனையைத் தயாரிக்கிறது. அந்த வாசனை ஒரு மனுஷருடையதாக இருந்தால் என்ன? இறந்துபோனவர்கள் உடுத்திய துணி ஒன்றைக் கொடுத்தால் போதும். அவர்கள் வாசனையோடு ஒரு செடி உங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

என் செடியைக் கொண்டுவந்து வைத்தவள் ஃபர்ஹானா. கம்பெனிக்காக மலையில் வீடு வீடாகப் போய்ச் செடிகளைப் பார்த்துக்கொள்கிற பெண். அதிகம் பேசமாட்டாள், ஆனால் சொல்ல வேண்டியதை விடமாட்டாள்.

"ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன் டீச்சர். இது உங்களுக்காக மணக்கிறதில்ல. ஈயைக் கூப்பிடத்தான் மணக்குது. எந்த வாசனையில கூப்பிடணும்கிறதை மட்டும்தான் நாங்க மாத்தியிருக்கோம்."

"ஈ கிடைச்சிட்டா?"

"வயிறு நிறைஞ்சப்புறம் எதுக்குக் கூப்பிடணும்? நிறுத்திடும். மறுபடி பசிச்சாத்தான் மணக்கும்."

"அப்போ பட்டினி போடணும்."

"ரொம்பப் போட்டாச் செத்துடும். அளவா இருக்கணும். அப்புறம், டிசம்பர் வந்ததும் வெளியே வெச்சிடுங்க. பனி விழற எடத்துல. மூணு மாசம் தூங்கும். அப்போ வாசனை வராது, பயப்படாதீங்க. தூங்க விடாத செடி பிழைக்காது. மழைத் தண்ணி மட்டும் ஊத்துங்க. உரம் வேணாம்."

என் மாணவிகள் எனக்குத் தலையாட்டுவது போல நானும் தலையாட்டினேன். மறுநாள் காலையிலேயே அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். நம் வீடுகளில் எந்தச் செடிக்கும் முதல் மரியாதை அதுதானே. ஒரு வாரத்தில் இரண்டு குடுவை கறுத்து மடங்கியது. சத்தில்லாத மண்ணில் வளர்ந்த செடிக்குச் சத்துதான் விஷம் என்று ஃபர்ஹானா போனில் எடுத்துச் சொன்னாள். அதன் பிறகு ஒழுங்காக இருந்தேன்.

ஒரு மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எஸ்தர் உள்ளே வந்தாள்.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெயிலில் காய்ந்த கம்பளி, நீலகிரித் தைலம், அதற்கடியில் லேசான புளிப்பு, அதற்கும் அடியில் வெந்தயம் மாதிரி ஒன்று. கிரவுண்டில் பிள்ளைகளை ஓடவிட்டு, விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டி, சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றுகிற எஸ்தர். நான் கத்தியை வைத்துவிட்டு அழுதேன். வெறுமனே கண் கலங்கவில்லை, வாய்விட்டு அழுதேன். அவள் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அப்போது அழுவதற்கு எனக்கு இடமில்லை.

அதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர். நான் கணக்கு. இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், வாடகையைப் பாதியாக்கலாம் என்று ஒரு வீட்டில் குடியேறினோம். வாடகைதான் காரணம் என்று ஊர் நம்பியது. ரிட்டயரான பிறகும் நாங்கள் ஏன் பிரிந்து போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. 'ரெண்டு டீச்சர் வீடு' என்று பேர் விழுந்ததோடு சரி. எஸ்தர் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று ஆஸ்பத்திரியில், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். கணக்கில் எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு நேரம் முழித்ததில்லை. "கூட இருக்கிறவ" என்றேன்.

அண்ணன் வீட்டார் வந்து உடலைச் சொந்த ஊரான நாசரேத்துக்குக் கொண்டுபோனார்கள். நானும் பின்னால் பஸ்ஸில் போனேன். அக்கம்பக்கத்தவர்களோடு எனக்கும் ஒரு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பிறகு ஒரு நாள் ஊட்டிக்கு வந்து அவள் பீரோவைக் காலி செய்து இரண்டு பெட்டியில் எடுத்துப் போனார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கிய ஜாக்கெட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். அது எங்கள் வாசல் ஜாக்கெட். பால் எடுக்கவோ கேட்டைப் பூட்டவோ யார் வெளியே போனாலும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போவோம். கடைசியில் அதை அதிகம் போட்டது எஸ்தர்தான்.

அந்த ஜாக்கெட்டைத்தான் கம்பெனிக்குக் கொடுத்தேன். இறந்தவர் வாசனையை ரத்த உறவுக்கோ கட்டினவருக்கோதான் தருவார்களாம், அதுவும் இறந்த ஒருவருக்கு ஒரே ஒரு செடிதானாம். உறவு என்ன என்று கேட்ட மெஷினிடம் தங்கச்சி என்றேன். நாசரேத்துக் கிறிஸ்தவ வீட்டில் குணவதி என்று என் பேரில் ஒரு தங்கச்சி எப்படி வந்தாள் என்று கேட்க மெஷினுக்குத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாகவும் இல்லை.

முதல் மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். செடியை ஹாலில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சாப்பிடுவது, படிப்பது, மத்தியானம் கண்ணயர்வது எல்லாமே அதன் பக்கத்தில்தான். வெளியே போவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். வாசனையை விட்டுவிட்டு எதற்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும்?

பிறகு அது குறைய ஆரம்பித்தது. முதலில் வெந்தயம் போயிற்று. அப்புறம் புளிப்பு. தைலம் மட்டும் இருப்பது போலத் தோன்றும், அதுவும் நிஜமா நினைப்பா என்று தெரியாது. செடிக்குப் பசி அடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். எங்கிருந்தோ இதற்குத் தீனி கிடைக்கிறது. ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். குடுவைக்குள் மிதந்த எறும்புகளைச் சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். துண்டை எடுத்துக்கொண்டு ஈக்குக் காவல் உட்கார்ந்தேன். வாசனை திரும்பவில்லை. இன்னும் பட்டினி போட்டேன்.

டிசம்பர் வந்தது. புல் எல்லாம் உப்புத் தூவினது போல வெளுத்தது. செடியை வெளியே வைக்க வேண்டிய நேரம். நான் வைக்கவில்லை. மிச்சமிருக்கிற கொஞ்ச வாசனையையும் மூன்று மாதம் பனியில் நிறுத்தச் சொன்னால் எந்த மடையன் கேட்பான்? ஹீட்டரை அதன் பக்கமாகத் திருப்பி வைத்தேன். குடுவைகள் ஓரத்திலிருந்து பழுக்க ஆரம்பித்தன. எஸ்தர் இரண்டாவது தடவை போய்க்கொண்டிருந்தாள். முதல் தடவை ஆஸ்பத்திரிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டிருக்கப் போனாள். எனக்கு இரவும் பகலும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபர்ஹானா போன் செய்தாள்.

"டீச்சர், எஸ்தர் மேடத்தோட அண்ணன் இப்போ குன்னூர்ல மகன் வீட்டுல இருக்கார். தங்கச்சி வாசனையில ஒரு செடி வேணும்னு கேட்டிருக்காங்க. ஏற்கெனவே ஒண்ணு போயிருக்குன்னு மெஷின் சொல்லிடுச்சு." குரலைத் தாழ்த்தினாள். "எஸ்தர் மேடத்துக்குத் தங்கச்சியே கிடையாதாமே."

நான் ஹீட்டரை இன்னும் கொஞ்சம் செடிப் பக்கம் தள்ளினேன்.

"ஞாயித்துக்கிழமை மகன் வர்றார். நானும் வரணும். அவங்க கேட்டா செடியை அவங்ககிட்டத்தான் கொடுக்கணும் டீச்சர். எனக்கு வேற வழியில்ல."

ஞாயிறு வரை நான் சண்டைக்குத் தயாரானேன். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் வரிசைப்படுத்தினேன். அவளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியுமா? எந்தக் காலில் சுளுக்கு என்று தெரியுமா? காய்ச்சல் வந்தால் யார் பேரைச் சொல்லிப் புலம்புவாள் என்று தெரியுமா? கடைசிக் கேள்வியைக் கேட்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். ஆனாலும் வரிசையில் அதையும் வைத்திருந்தேன்.

ஆலயம் முடிந்து நேராக வந்தான் போலிருக்கிறது. வெள்ளைச் சட்டை, கையில் பைபிள். ஜெபசிங் என்று பேர். நாற்பது வயதிருக்கும். எஸ்தரின் நெற்றி அவனுக்கு இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஃபர்ஹானா அவனுக்குப் பின்னால் நின்றாள். உட்காரச் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தான்.

"சண்டைக்கு வரல டீச்சர். அப்பாவுக்கு நெனவு தப்பித் தப்பி வருது. காலையில எந்திரிச்சதும் எஸ்தர் எங்கன்னு கேக்குதாங்க. போயிட்டாங்கன்னு சொன்னா, தெனமும் புதுசாக் கேட்ட மாதிரி அழுவுதாங்க. டாக்டர்தான் இந்தச் செடியப் பத்திச் சொன்னாரு. வாசனை பக்கத்துல இருந்தா தேடமாட்டாங்களாம்."

என் கேள்விகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. அவன் திமிராகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். செடியைக் கையால் காட்டினேன். அதன் நிலைமையைப் பார்த்து ஃபர்ஹானா உச்சுக் கொட்டினாள்.

ஜெபசிங் முட்டி போட்டு உட்கார்ந்து முகர்ந்தான். நிமிர்ந்தான். இன்னொரு தடவை முகர்ந்தான்.

"இது அத்தை வாசனை இல்லையே."

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் ஃபர்ஹானா.

"இல்லம்மா. அத்தைன்னா பவுடரும் தேங்காண்ணையும்தான். மே லீவுக்கு வருவாங்க. பட்டுச் சேல கட்டிட்டு ஆலயத்துக்குப் போவும்போது எங்கள அணைச்சுக்கிடுவாங்க. அந்த வாசனை எனக்கு மறக்குமா?" என்னைத் திரும்பிப் பார்த்தான். தயங்கினான். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. இது உங்க வாசனைதான்லா டீச்சர்."

"என்னது?"

"கல்லறைத் தோட்டத்துல என் பக்கத்துலதான நின்னீங்க. இதே வாசனைதான். இப்ப வாசல்ல கால் வச்சதுமே அடிச்சுது. உங்க வீட்டு வாசனைன்னு நெனச்சேன்."

"வாசல்லயேவா?"

"வீடு பூரா இருக்கு."

வீடு பூரா இருக்கிறது என்கிறான். நான் ஒரு மாதமாக ஒரு துளி வாசனைக்கு அந்தச் செடியின் வாயில் மூக்கை வைத்துத் தவம் கிடக்கிறேன்.

ஃபர்ஹானா என் பக்கத்தில் வந்தாள். அவள் குரல் வேலைக் குரலாக மாறியிருந்தது.

"இறந்தவங்க வாசனையோட ஒப்பிட எங்ககிட்ட வேற எதுவும் கிடையாது டீச்சர். குடும்பத்தார் மூக்குதான் சாட்சி. இவர் இல்லைங்கிறார். நீங்க சொல்லுங்க. இது உங்க வாசனைதான்னா, துணி மாறிப்போச்சுன்னு முடிச்சிடலாம். அவங்கவங்க சொந்த வாசனையை வெச்சுக்க யாரையும் கேக்க வேணாம், செடி இங்கயே இருக்கும். அவங்ககிட்ட இருக்கிற சேலையிலேர்ந்து அவங்களுக்கு வேற செடி பண்ணிக்கலாம். இல்ல, இது எஸ்தர் மேடம்தான்னா, செடி இவர்கூடப் போகணும்."

இத்தனை வருஷத்தில் எஸ்தரைப் பற்றி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது அன்றுதான். இது எஸ்தர்தான், எனக்குத் தெரியும், அவள் காதுக்குப் பின்னால் இதுதான் வாசனை, விடியற்காலையில் போர்வைக்குள் இதுதான் வாசனை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் வீட்டு ஆளின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் நான் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடும். செடியும் போய்விடும்.

குன்னூர்க் கிழவரையும் நினைத்தேன். அவருக்கு இந்தக் கம்பளியும் வேர்வையும் எதற்கு? யாரோ அந்நியப் பெண்பிள்ளை அறைக்குள் வந்துவிட்டாள் என்று பயந்துகொள்வார். அவருக்கு வேண்டியது பவுடர் போட்ட தங்கை. அவள் அந்த இரண்டு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறாள். ஆனால் அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று நான் பெருமை பேசப் போவதில்லை. எனக்குச் செடி வேண்டும். அதனால்தான் சொன்னேன்.

"என் வாசனைதான்" என்றேன்.

ஜெபசிங் நிம்மதியாக மூச்சு விட்டான். அவனுக்கும் ஒரு கிழவியிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொண்டு போக மனமில்லை, பாவம். எழுந்து பைபிளை எடுத்துக்கொண்டான். வாசலில் ஷூ மாட்டும்போது, "அத்தை உங்களப் பத்தி நெறையச் சொல்லுவாங்க டீச்சர்" என்றான்.

"என்ன சொல்லுவா?"

யோசித்தான். "நீங்க நல்லாக் கணக்குப் போடுவீங்கன்னு."

"ஆமா" என்றேன். "வேற?"

"அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. வாரேன் டீச்சர்."

அவன் கார் வளைவைத் தாண்டிப் போவதை ஃபர்ஹானா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு போய் ஹீட்டரை அணைத்தாள். பழுத்த குடுவைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள்.

"இது இப்போ மட்டும் இல்ல, ரெண்டு மாசமா முழுசா மணந்துட்டுத்தான் இருந்திருக்கு டீச்சர். இவ்வளவு பட்டினியில கத்தாம என்ன செய்யும்? நாள் முழுக்க ஒரே வாசனையோட இருந்தா மூக்கு அதை எடுத்துக்காது. எல்லாருக்கும் அப்படித்தான். நீங்க கடைக்குப் போயிட்டு வந்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

"குறைஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். அதான் இன்னும் பட்டினி போட்டேன்."

"தெரியுது." கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு சொல்றேன். அவர் முன்னாடி சொல்ல வேணாம்னு இருந்தேன். ரெண்டு பேர் போட்ட துணின்னா லேப்ல ரெண்டு வாசனை தனித்தனியாப் பிரிஞ்சு வரும். அக்கா தங்கச்சி துணியா இருந்தாக்கூடப் பிரியும். உங்க ஜாக்கெட்ல ஒண்ணுதான் வந்துச்சு. ஒரே ஆள் துணின்னு நினைச்சுட்டாங்க. இப்போ பார்த்தா அவர் சொல்றதும் சரி, நீங்க எஸ்தர் மேடம்னு நினைச்சதும் சரி."

"எப்படி?"

"மனுஷ வாசனையில பாதி, தோல் மேல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்களாலதான் டீச்சர். ஒரே சாப்பாடு, ஒரே சோப்பு, ஒரே..." அவள் நிறுத்திவிட்டுச் செடியைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் ஒண்ணா இருந்தா அது ரெண்டு பேருக்கும் பொதுவாயிடும். எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு முழுசா யாருக்கும் ஆனதில்ல. எங்க அம்மா அப்பாவுக்குக்கூட இருக்காது."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் விடை கிடைத்தது. அதை எஸ்தரின் அண்ணன் மகன் வாயால் கேட்டேன், இது எஸ்தர் இல்லையென்று சொன்னவன் வாயால். அவனுக்கு அது தெரியாது.

செடியை நானே வெளியே எடுத்துப் போனேன். பனி விழுகிற மூலையில், வேலியோரம் வைத்தேன். தட்டில் மழைத் தண்ணீர் ஊற்றினேன். பிழைக்குமா என்று கேட்டதற்கு, வேர் நன்றாக இருக்கிறது, பிழைக்கலாம் என்றாள் ஃபர்ஹானா. மார்ச்சில் புதுக் குடுவை விடும், அதற்குள் என் மூக்கும் அந்த வாசனையை மறந்திருக்கும், புதிதாக அடிக்கும்.

"அது வரைக்கும் என் மேல இருக்குமில்ல?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு இருக்கும். தனியா இருக்க இருக்க மாறிடும். ஆனா அது உங்களுக்குத் தெரியாது டீச்சர். செடி பல மடங்கு பலமா மணந்துச்சு, அதான் தெரிஞ்சுது. சொந்த உடம்பு வாசனை யாருக்கும் தெரியாது. பக்கத்துல வர்றவங்களுக்குத்தான் தெரியும்."

"இப்போ இருக்கா?"

அவள் குனிந்து என் தோளருகே முகத்தைக் கொண்டுவந்து மூச்சை இழுத்தாள். "இருக்கு" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு, முழங்கை மடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். புறங்கையை முகர்ந்தேன். தலைமுடியை முன்னால் இழுத்து முகர்ந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. எஸ்தர் என் மேல்தான் இருக்கிறாள். உலகத்தில் யார் வந்தாலும் அவர்களுக்கு அது தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. யாராவது வந்து ஒரு நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்தால், இன்னும் இருக்கிறாளா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இப்போதெல்லாம் பாலும் மருந்தும் ஆளில்லாத வண்டியில்தான் வருகின்றன. ஃபர்ஹானா இனி மார்ச்சில்தான் வருவாள். நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.